வலக்கை மடங்கிய பிறகு: லியோன் ஃப்ளைஷரின் பியானோ வாழ்க்கை

மேற்கத்திய செவ்வியல் இசையில் மேடைக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞரின் வாழ்க்கை எப்படி அமைகிறது, விரல்தான் முதல் என்றால் அந்த விரலே போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகச் சொன்னால் இதற்கு உருப்படியான பதில் கிடைக்காது. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர். 1928இல் பிறந்து 2020இல் 92 வயதில் மறைந்தவர். முப்பத்தைந்து வயதுக்குள் உலகின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டே வலக்கை மடங்கத் தொடங்கியது. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எளிய யூதக் குடும்பம். அப்பா ஒடெஸாவிலிருந்தும் அம்மா போலந்திலிருந்தும் வந்தவர்கள். அப்பாவுக்குத் தொப்பி வியாபாரம். பியானோ ஆசிரியர் வீட்டுக்கு வந்தது அண்ணனுக்காக. அண்ணன் பாடம் முடித்து விளையாட ஓடியதும், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த நாலு வயதுத் தம்பி போய் உட்கார்ந்து அதே பாடத்தை வாசித்துவிடுவான். கொஞ்ச நாளில் பாடம் தம்பிக்கு மாறியது. மகன் ஒன்று அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி ஆக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞர் ஆக வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. எட்டு வயதில் மேடை ஏறினான்.

ஒன்பது வயதில் நடந்ததுதான் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஆர்தர் ஷ்னாபெல் அன்றைக்குப் பீத்தோவனுக்கு அதிகாரபூர்வமான குரல் போல இருந்தவர். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (சொனாட்டா என்பது தனிப் பியானோவுக்குப் பல பகுதிகளாக எழுதிய படைப்பு) முதன்முதலில் முழுமையாக இசைத்தட்டில் பதிவு செய்தவரும் அவரே, 1930களில். பதினாறு வயதுக்குக் குறைந்த யாரையும் மாணவராக ஏற்பதில்லை என்று வைத்திருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டு விருந்தில் அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வரும்போது பையனைப் பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டபின் ஷ்னாபெலுக்கு மறுக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பொதுக் கச்சேரி கூடாது. குழந்தை மேதை என்று ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்க்கும் வழக்கம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த நிபந்தனை பையனைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். 1938இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ட்ரெமெட்ஸோ என்ற ஊரில் பாடம் தொடங்கியது. போர் வந்ததும் நியூயார்க்கில் தொடர்ந்தது. மொத்தம் பத்து ஆண்டுகள்.

பாரம்பரியத்தையும் சொல்ல வேண்டும். பீத்தோவனின் மாணவர் செர்னி. செர்னியின் மாணவர் லெஷெடிட்ஸ்கி. அவருடைய மாணவர் ஷ்னாபெல். அவருடைய மாணவர் ஃப்ளைஷர். பாட்டு யாரிடம் யார் வழியாக வந்தது என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வரிசையின் எடை உடனே புரியும். ஷ்னாபெல் தனித்தனியாகப் பாடம் எடுக்கமாட்டார். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்கள் எல்லோரும் அதே அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுத்தவன் தப்பிலிருந்தும் கற்றுக்கொள்ளும் முறை அது. விரல் பயிற்சிகளை மணிக்கணக்கில் போடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாக்கியம் எங்கே போகிறது, எந்தச் சுரத்தில் சாய்கிறது, ஏன் அங்கே சாய்கிறது என்பதைக் காதுக்குள் முதலில் முடிவு செய்யாமல் கட்டையைத் தொடாதே என்பதுதான் பாடத்தின் சாரம்.

பதினாறாம் வயதில், 1944இல், நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோவை, அதாவது தனிக்கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பை, வாசித்தார். நடத்தியவர் பியேர் மோன்டோ. இந்த நூற்றாண்டின் பியானோ கண்டுபிடிப்பு என்று பையனைப் புகழ்ந்தார். இப்படிப்பட்ட தொடக்கத்துக்குப் பின் வாய்ப்பு குவிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. இருபது வயதைத் தாண்டியபோது அழைப்புகள் மெல்ல வற்றின. சின்னப் பையன் என்ற வியப்பு தீர்ந்துவிட்டது, முதிர்ந்த கலைஞன் என்ற பெயர் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பியானோ கலைஞர்கள் காணாமல் போகிறார்கள். ஃப்ளைஷர் பாரிஸுக்குப் போய் அங்கே வாழ்ந்தார். 1952இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் முதல் பரிசு பெற்றார். அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர். இறுதிச் சுற்றுக்காரர்களை ஒரு வாரம் வெளித்தொடர்பு இல்லாமல் தங்கவைத்து, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு புதுக் கான்செர்ட்டோவைத் தாங்களாகவே கற்று வாசிக்கச் செய்வதற்குப் பெயர் போன போட்டி அது. அந்தப் பரிசுக்குப் பிறகு கச்சேரிக்குப் பஞ்சம் இல்லை.

கச்சேரி வாழ்க்கை என்றால் நடைமுறையில் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயலின்காரர் தன் வயலினோடு போகிறார். பியானோக்காரர் ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாத ஒரு பியானோவோடு வாழ வேண்டும். ஒன்றில் கட்டை கனமாக இருக்கும், இன்னொன்றில் மேல்ஸ்தாயி கீச்சென்றிருக்கும், வேறொன்றில் பெடல் தாமதமாகப் பிடிக்கும். கட்டை ஒரு சென்டிமீட்டர் அளவுதான் கீழே இறங்குகிறது. அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை வேகத்தில் இறக்குகிறோம் என்பதில்தான் நாதம் முழுக்க அடங்கியிருக்கிறது. இசைக்குழுவோடு வாசிக்க ஒன்றிரண்டு ஒத்திகைதான் கிடைக்கும். கச்சேரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிச்சயமாகிவிடும். அந்தத் தேதியில் உங்கள் மனநிலை என்ன, உடல்நிலை என்ன என்று யாரும் கேட்கப் போவதில்லை. எல்லாமே மனப்பாடமாக வேறு வாசிக்க வேண்டும்.

ஃப்ளைஷருக்கு இந்தக் காலத்தில் அமைந்த பெரிய துணை ஜார்ஜ் செல். கிளீவ்லாந்து இசைக்குழுவை உலகின் மிக நேர்த்தியான குழுக்களில் ஒன்றாக ஆக்கிய, கண்டிப்புக்குப் பேர்போன நடத்துநர். 1958க்கும் 1962க்கும் இடையே இருவரும் பீத்தோவனின் ஐந்து பியானோ கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அவை விற்பனையில் இருக்கின்றன. பிராம்ஸ் முதல் கான்செர்ட்டோவுக்கு அதைவிட நல்ல பதிவு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

1964இல் வலக்கையில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தார். முதலில் மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும் ஒரு சோம்பல். கூடுதலாகச் சாதகம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஒரு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் கையை வேலை வாங்கினார். அவரே பிற்பாடு வருந்திச் சொன்னது இதைத்தான்: களைத்துப்போன கை நிறுத்து என்று சொன்னபோது அவர் கேட்கவில்லை. ஓராண்டுக்குள் அந்த இரண்டு விரல்களும் கட்டையில் கை வைத்தவுடன் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும் நிலை வந்தது. 1965இல் செல் தன் குழுவை சோவியத் ஒன்றியத்துக்கு நீண்ட பயணமாகக் கூட்டிச் செல்லவிருந்தார். தனிக்கலைஞராக ஃப்ளைஷர் போவதாக இருந்தது. அவர் வாசிப்பதைக் கேட்ட செல், இந்தக் கையோடு நீ வர முடியாது என்று சொல்லவேண்டியதாயிற்று.

இந்த நோய்க்கு இன்று குவிய டிஸ்டோனியா என்று பெயர் இருக்கிறது. அன்று அவரைப் பார்த்த மருத்துவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. எலும்பில் கோளாறு இல்லை, தசையில் கிழிசல் இல்லை, பெரிதாக வலியும் இல்லை. மூளைக்குள் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தனி இடம் உண்டு. ஒரே மாதிரியான நுட்ப அசைவை மிக வேகமாக, மிக அதிகமாக, ஆண்டுக்கணக்கில் செய்யும் சிலருக்கு அந்த இடங்களின் எல்லை கலைந்து ஒன்றோடொன்று மயங்கிவிடுகிறது. ஒரு விரலுக்குப் போக வேண்டிய கட்டளை பக்கத்து விரலுக்கும் போகிறது. நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலும் அந்த ஒரு வேலையைச் செய்யும்போதுதான் அது தலைகாட்டும். கை குலுக்கலாம், கார் ஓட்டலாம். பியானோவில் வைத்தால் மட்டும் மடங்கும். எழுத்தர்களுக்குப் பேனா பிடித்தால் மட்டும் கை இழுத்துக்கொள்ளும் நோயும் இதே குடும்பம்தான். தொழில்முறை இசைக்கலைஞர்களில் சுமார் நூறில் ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். ராபர்ட் ஷூமன் இளமையிலேயே பியானோ கலைஞர் கனவைக் கைவிட்டு இசையமைப்பாளர் ஆனதற்கும் வலக்கையின் இதே கோளாறு காரணமாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

ஃப்ளைஷர் நொறுங்கிப்போனார். குடும்பம் குலைந்தது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மரப்பு ஊசி, மனநல சிகிச்சை, அறிதுயில், அக்குபங்சர், வாசனைத் தைலம், ஜென் தியானம் என்று ஒன்று விடவில்லை. எதுவும் கேட்கவில்லை.

இங்கே அவர் மாணவர்களுக்குச் சொன்ன ஒரு பாடத்தைக் கொண்டுவர வேண்டும். என் பதிலின் மையமே அதுதான். வாசிக்கும்போது ஒருவருக்குள் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பார். முதல் ஆள், வாசிப்பதற்கு முன்பே அந்த நாதத்தைக் காதுக்குள் கேட்டுவிடுபவர். இரண்டாம் ஆள், கட்டையைத் தொட்டு வாசிப்பவர். மூன்றாம் ஆள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வெளியே வந்த நாதம் முதல் ஆள் கேட்டதோடு பொருந்துகிறதா என்று கவனித்து இரண்டாம் ஆளுக்குத் திருத்தம் சொல்பவர். மூவரும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். நோய் தாக்கியது இரண்டாம் ஆளை மட்டும்தான், அவரிலும் பாதியை. முதல் ஆளும் மூன்றாம் ஆளும் அப்படியே இருந்தார்கள். ஃப்ளைஷருக்கு இது தெளிவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தான் நேசித்தது இரண்டு கையால் பியானோ வாசிப்பதை அன்று, இசையைத்தான் என்று உணர்ந்ததாகப் பிறகு சொன்னார்.

அதன்பின் எடுத்த வேலைகள் எல்லாம் அந்த இரண்டு ஆட்களும் செய்யக்கூடியவை. 1967இல் வாஷிங்டனில் ஒரு சிறுகுழு இசை அமைப்பைச் சக கலைஞரோடு சேர்ந்து தொடங்கினார். இசை நடத்தக் கற்றார். அன்னாபொலிஸ் இசைக்குழுவையும் பிறகு துணை நடத்துநராக பால்டிமோர் இசைக்குழுவையும் நடத்தினார். பால்டிமோரின் பீபடி இசைக் கல்லூரியில் 1959இலிருந்தே சொல்லிக்கொடுத்துவந்தார்; சாகும்வரை அங்கேயே ஆசிரியர். முன்பெல்லாம் மாணவரைத் தள்ளிவிட்டுத் தானே வாசித்துக் காட்டிவிடுவார். கை போனபின் ஒவ்வொன்றையும் வார்த்தையால் சொல்லவேண்டி வந்தது. அதனால் தான் நல்ல ஆசிரியர் ஆனதாக அவரே நம்பினார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் என்று அவரிடம் பயின்றவர்களின் பெயரைப் பார்த்தால் அந்த நம்பிக்கை சரி என்றுதான் தோன்றுகிறது.

கூடவே, மீதமிருந்த இடக்கை. இடக்கைக்கு மட்டும் என்று எழுதப்பட்ட இசை நாம் நினைப்பதைவிட அதிகம். அதற்கு உடல்ரீதியான காரணம் ஒன்று உண்டு. உங்கள் இடக்கையைக் கட்டைகள் மீது விரித்து வைத்துப் பாருங்கள். பலமான கட்டைவிரல் வலப்பக்கம், மேல்ஸ்தாயி இருக்கும் பக்கம், விழும். மெட்டு பெரும்பாலும் மேலேதான் போகும். அதைக் கட்டைவிரல் தாங்கிக்கொள்ள, சுண்டுவிரல் மந்தர ஸ்தாயியில் ஆதார சுரத்தைத் தட்டிவிட்டு ஓடிவரும். விட்டுவந்த சுரத்தைப் பெடல் பிடித்து வைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு கை என்றே தோன்றும். வலக்கையை மட்டும் வைத்து இதைச் செய்தால் மெட்டு பலவீனமான சுண்டுவிரலில் போய் மாட்டிக்கொள்ளும். பாக் தனி வயலினுக்கு எழுதிய சக்கோன் என்ற படைப்பை பிராம்ஸ் 1877இல் இடக்கைக்கு மாற்றி, பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பியதும் சும்மா விளையாட்டுக்கு அன்று. நாலு தந்தியில் ஒரு உலகத்தையே அடைத்த பாகின் நெருக்கடியைப் பியானோவில் உணர ஒரு கையால் வாசிப்பதே வழி என்று அவர் நினைத்தார்.

பெரிய கான்செர்ட்டோக்கள் வந்தது இன்னொருவரின் இழப்பால். வியன்னாவின் பால் விட்கென்ஸ்டைன், தத்துவஞானி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன், 1913இல் அரங்கேறினார். அடுத்த ஆண்டு முதல் உலகப் போரில் வலக்கையை இழந்து சைபீரியாவில் கைதியாக இருந்தார். வசதியான குடும்பம். திரும்பி வந்து அன்றைய பெரிய இசையமைப்பாளர்களிடம் காசு கொடுத்து இடக்கைக்கு என்றே எழுதி வாங்கினார். ராவெல் எழுதிய கான்செர்ட்டோ 1932இல் வியன்னாவில் அரங்கேறியது. அதில் விட்கென்ஸ்டைன் தன்னிஷ்டத்துக்குக் கைவைத்ததால் இருவருக்கும் சண்டை. புரோகோஃபீவ் 1931இல் எழுதிக் கொடுத்தது புரியவில்லை என்று வாசிக்கவே இல்லை. பெஞ்சமின் பிரிட்டனும் எழுதினார். ஃப்ளைஷர் இவற்றையெல்லாம் தன் உடைமையாக்கிக்கொண்டார். ராவெலை மட்டும் எத்தனை ஊரில் வாசித்திருப்பாரோ. இன்னொன்று அதிசயம். 1923இல் இசையமைப்பாளர் ஹிண்டமித் எழுதிக் கொடுத்ததும் விட்கென்ஸ்டைனுக்குப் பிடிக்காமல் பெட்டிக்குள் போய்விட்டது. விட்கென்ஸ்டைனின் மனைவி இறந்தபின், 2002இல், பென்சில்வேனியா வீட்டில் அது கிடைத்தது. 2004 டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு, சைமன் ராட்டில் நடத்த, உலகில் முதன்முறையாக அதை வாசித்தவர் 76 வயது ஃப்ளைஷர்.

இடையில் 1982ஐச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு மணிக்கட்டில் ஒரு அறுவை சிகிச்சை நடந்து கை கொஞ்சம் தேறியிருந்தது. பால்டிமோரில் புது அரங்கத் திறப்பு விழா, தொலைக்காட்சி ஒளிபரப்பு, ஃப்ளைஷர் இரு கையோடு மீள்கிறார் என்று நாடே காத்திருந்தது. பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோ என்று பேச்சு. கடைசியில் கை தாங்காது என்று சீசர் ஃபிராங்க்கின் சிம்ஃபானிக் வேரியேஷன்ஸ் என்ற படைப்புக்கு மாற்றினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. உள்ளே உட்கார்ந்திருந்த மூன்றாம் ஆள் மட்டும் ஏமாறவில்லை. கை குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வந்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு மறுபடி இடக்கைக்கே திரும்பினார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான்.

நோய்க்குப் பெயர் தெரிந்தது 1990களில். அதிகமாக இறுகும் தசையைச் சற்றே தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும், ஆழமான தசை நீவல் சிகிச்சையும் சேர்ந்து விரல்களை நீட்டவைத்தன. போடாக்ஸ் சில மாதங்களில் வலுவிழக்கும், திரும்பப் போட வேண்டும். நோய் போகவில்லை, அடங்கியிருந்தது. 1995இல் கிளீவ்லாந்து குழுவோடு மோட்சார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோவை, கே 414 என்று எண்ணிட்டதை, இரு கையாலும் வாசித்தார். 2004இல் 'இரண்டு கைகள்' என்ற பொருளில் பெயரிட்ட பதிவு வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் இரு கைத் தனிப் பதிவு. 2007இல் கென்னடி சென்டர் விருது கிடைத்தது.

அவர் நண்பரும் பியானோ கலைஞருமான கேரி கிராஃப்மனுக்கும் பின்னாளில் வலக்கையில் இதே போன்ற தொல்லை வந்தது. அவர் பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைப் பள்ளியை நடத்தப் போனார். லாங் லாங், யூஜா வாங் இருவரும் அவரிடம் படித்தவர்கள். 1996இல் இசையமைப்பாளர் வில்லியம் போல்கம் இந்த இரு நண்பர்களுக்காகவும் இரண்டு இடக்கைகளுக்கான ஒரு கான்செர்ட்டோ எழுதினார்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளைகளைப் பியானோவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு, பியானோ சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் கிரேடு தேர்வு நெருங்கியதும் பிள்ளையை மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காரவைத்து, கை வலிக்கிறது என்றால் இன்னும் பத்து தடவை வாசி, பழகிவிடும் என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வலித்தால் நிறுத்துங்கள். இருபத்தைந்து நிமிடம் வாசித்துவிட்டு எழுந்து, அடுத்த பகுதியைப் பியானோ இல்லாமல் வாயால் பாடவையுங்கள். பாட முடியாததை விரலால் நூறு முறை தட்டினாலும் இசையாக வராது. பிள்ளையின் கையில் மரப்போ, ஒரு விரல் மட்டும் கேட்காமல் மடங்குவதோ இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் காட்டினால் செய்ய முடிவது அதிகம்.

ஃப்ளைஷரைக் கேட்க விரும்பினால் மூன்று பதிவுகள் போதும். முதலில் செல்லோடு பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோ. அடுத்து ராவெலின் இடக்கைக் கான்செர்ட்டோ. தொடக்கத்தில் கான்ட்ராபசூன் என்ற மந்தர ஸ்தாயி ஊதுகருவி அடிவயிற்றிலிருந்து முனகி, குழு முழுக்கத் திரண்டு வந்தபின் பியானோ தனியாக நுழையும் இடத்தில், வாசிப்பது ஒரே கை என்பதை மறந்துவிட்டுக் கேளுங்கள். மூன்றாவது, 2004 பதிவில் உள்ள ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, டி 960 என்று எண்ணிட்டது. முதல் மெட்டு முடியும் இடத்தில் இடக்கை அடியாழத்தில் ஒரு சின்ன அதிர்வை உருட்டும். அதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே அவர் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதைக் கவனித்துவிட்டு, அதே இடத்தை வேறு யாராவது இரண்டு பேர் வாசித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.